யானையும் சிங்கமும் இல்லாத பூங்காவுக்கு எதற்குப் போக வேண்டும்? உகாண்டாவின் எம்புரோ ஏரி பற்றி

பிவிண்டிக்குக் கொரில்லா பார்க்கப் போகும் வழியில் எம்புரோ ஏரி தேசியப் பூங்காவில் ஒரு மதியம் நின்றுவிட்டுப் போனால் போதுமா, யானையும் சிங்கமும் இல்லாத இடத்தில் நேரம் செலவழிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பறவைகளில் ஆர்வம் உண்டு என்றும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் ஓர் இரவு போதும் என்றிருப்பேன். உங்களுக்கு என் பதில்: இரண்டு இரவு தங்குங்கள். அதற்காக வேறெங்காவது ஒரு நாளைக் குறைக்க வேண்டியிருந்தால் குறைத்துவிடுங்கள்.

எம்புரோ மிகச் சிறியது. சுமார் 370 சதுர கிலோமீட்டர்தான். ராணி எலிசபெத் பூங்கா ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர், மர்ச்சிசன் அருவிப் பூங்கா அதைப்போல இரு மடங்கு. அந்தப் பெரிய பூங்காக்களில் ஒரு சிங்கத்தைத் தேடி ஜீப்பில் மணிக்கணக்காக அலைவீர்கள். தூரத்தில் யானைக் கூட்டம் தெரியும், ஜன்னல் வழியாகப் படம் எடுப்பீர்கள், வண்டி நகர்ந்துவிடும். அதுவும் வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலான நேரம் காலைத் தரையில் வைக்க முடியாது. எம்புரோவில் முடியும். துப்பாக்கி ஏந்திய ரேஞ்சர் ஒருவர் முன்னால் நடக்க, வரிக்குதிரைகளுக்கும் இம்பாலா மான்களுக்கும் நடுவே நீங்கள் நடந்து போகலாம். யானையும் சிங்கமும் இல்லாததால்தான் இது இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது. குறை என்று நீங்கள் எண்ணியதுதான் இந்தப் பூங்காவின் பெரிய வசதி.

வண்டியிலிருந்து பார்ப்பதற்கும் நடந்து பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது போனால்தான் தெரியும். ஜீப்பை விலங்குகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கும் உருவத்தைக் கண்டால் உடனே உஷாராகிவிடும். வரிக்குதிரைக் கூட்டம் மொத்தமும் தலை தூக்கி உங்களையே பார்க்கும், ஏதாவது ஒன்று மூக்கால் சீறும், இம்பாலா ஆண் ஒன்று தொண்டையைக் கிழித்துக்கொண்டு உறுமும். இனச்சேர்க்கைக் காலத்தில் அந்த உறுமலை முதன்முதலாகக் கேட்பவர், இவ்வளவு மெலிந்த மானிடமிருந்து வந்த சத்தம் அது என்று நம்ப மாட்டார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ரேஞ்சர் பார்த்துப் பார்த்துத் திரும்புவார், நீங்களும் கொஞ்ச நேரத்தில் அதைக் கவனிக்கத் தொடங்குவீர்கள். தரையில் கிடப்பதெல்லாம் படிக்கக் கிடைக்கும். கழுதைப்புலியின் எச்சம் காய்ந்ததும் வெள்ளையாக இருக்கும், அது தின்ற எலும்பின் சுண்ணாம்பு அது. இம்பாலாக்கள் ஒரே இடத்தில் புழுக்கை போட்டு வைத்திருக்கும். ஈரமான ஓடைக்கரையில் நீர்யானையின் நான்கு விரல் தடம் கிடைக்கும்.

காலை நடையைத்தான் தேர்ந்தெடுங்கள். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஏழு மணிக்குச் சற்று முன்பு விடியும், மாலை ஏழுக்குச் சற்று முன்போ பின்போ இருட்டிவிடும். விடிந்தவுடன் கிளம்பினால் இரவெல்லாம் கரையில் மேய்ந்த நீர்யானைகள் ஏரிக்குத் திரும்புவதையும், கழுதைப்புலி வளைக்குப் போவதையும் பார்க்க வாய்ப்புண்டு. நீர்யானைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒருபோதும் நிற்காதீர்கள். தனியாகத் திரியும் கிழட்டு எருமையைக் கண்டால் ரேஞ்சர் சொல்வதை மறுபேச்சின்றிக் கேளுங்கள். இங்கே உண்மையான ஆபத்து என்றால் அந்த இரண்டும்தான். நீளமான கால்சட்டை போட்டு, அதன் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். புல்லில் உண்ணி இருக்கும்.

இம்பாலா கென்யாவிலும் தான்சானியாவிலும் எங்கு பார்த்தாலும் நிற்கும் மான். உகாண்டாவில் அதைத் திரள்திரளாகப் பார்க்க எம்புரோவுக்குத்தான் வர வேண்டும். சமவெளி வரிக்குதிரையும் அப்படித்தான். இங்கே விட்டால் நாட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கும் கிடெப்போவுக்குப் போக வேண்டும். காரணம் புவியியலில் இருக்கிறது. ருவாண்டாவின் அககேரா, தான்சானியாவின் வடமேற்கு மூலை என்று நீண்டு கிடக்கும் கருவேல மரப் புல்வெளி தன் வடக்கு நுனியை நீட்டி உகாண்டாவுக்குள் எட்டிப் பார்க்கும் இடம் இது. மாடு போலப் பெருத்த ஈலாண்ட் மான், கறையான் புற்றின் மேல் ஏறிக் காவல் நிற்கும் டோபி மான், எருமை, காட்டுப்பன்றி இனத்தைச் சேர்ந்த வார்ட்ஹாக் எல்லாம் உண்டு. பூங்காவுக்குள் இருக்கும் ருவோன்யோ முகாமைச் சுற்றி வார்ட்ஹாக்குகள் கோழிபோல் மேய்ந்துகொண்டிருக்கும்.

பறவைகளுக்கு வருகிறேன், உங்கள் பதிலின் பெரும்பகுதி இதுதான். முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் பதிவான பூங்கா இது. இவ்வளவு சின்ன இடத்தில் அத்தனை இனங்கள் சேர்வதற்குக் காரணம், வாழிடங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருப்பது. கருவேலங்காட்டில் நடந்துகொண்டே இருந்தால் திடீரென்று பாப்பிரஸ் கோரை மண்டிய சதுப்பு வரும், அதற்கப்பால் ஏரி, ஏரிக்கு மேற்கே ருபாங்கா என்ற சிறு அடர்காடு, இடையிடையே பாறைக் குன்றுகள். ஒரே காலையில் இவை எல்லாவற்றையும் தொட்டுவிடலாம். எம்புரோவோடு சேர்த்து ஐந்து ஏரிகள் பூங்காவுக்குள் இருக்கின்றன, சுற்றுவட்டாரத்தில் இன்னும் பல. ருவிசி ஆறு ஊட்டும் பெரிய ஈரநிலத் தொடர் அது. எம்புரோ–நகிவாலி ஈரநிலம் 2006-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே நீங்கள் குறிவைத்துத் தேட வேண்டியவை என்று மூன்றைச் சொல்வேன். முதலாவது ஆப்பிரிக்க ஃபின்ஃபுட். நீர்க்காகமும் நீர்க்கோழியும் கலந்தாற்போல் உடல், சிவந்த அலகு, பளிச்சென்ற ஆரஞ்சுச் சிவப்புக் கால்கள். ஆழமில்லாத கரையோரத்தில், தண்ணீரைத் தொட்டுத் தாழ்ந்து கவிந்த கிளைகளுக்கு அடியில் தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு நீந்தும். வெட்டவெளிக்கு அநேகமாக வராது. உலகத்தில் இந்தக் குடும்பத்தில் இருப்பவை மூன்றே இனங்கள், ஆப்பிரிக்காவுக்கு இது ஒன்றுதான். உகாண்டாவில் இதைத் தேடி வருபவர்கள் முதலில் கேட்கும் பெயர் எம்புரோ. இதற்குப் படகுதான் வழி. படகோட்டியிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: நீர்யானை இருக்கும் இடத்துக்கு நேரே விரட்ட வேண்டாம், கரையை ஒட்டி மெதுவாகப் போங்கள், கிளை கவிந்த இடங்களில் எஞ்சினை நிறுத்துங்கள் என்று. இதைச் சொல்லாமல் ஏறியவர்கள் பலர் ஃபின்ஃபுட் பார்க்காமலே இறங்குகிறார்கள். அதே கிளைகளுக்குள் வெண்முதுகு இரவுக்கொக்கு பகலில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட பெரிய கண்கள்தான் அடையாளம். நம்மூர் வக்காவைப் போலவே இரவாடி, ஆனால் அதைவிடப் பல மடங்கு கூச்சம்.

இரண்டாவது செம்முகக் குக்குறுவான். கறுத்த உடலில் முகம் மட்டும் சிவப்பு. தென்மேற்கு உகாண்டா, ருவாண்டா, புருண்டி, வடமேற்குத் தான்சானியா என்று ஒரு சிறு வட்டத்துக்குள் மட்டும் வாழும் இனம். இதற்காகவே எம்புரோ வருபவர்கள் இருக்கிறார்கள். அடர்காட்டில் தேடாதீர்கள், தனித்தனியாக மரங்கள் நிற்கும் புல்வெளியில், உயரமான மரத்தின் வெளிக்கிளையில் பாருங்கள். மூன்றாவது பாப்பிரஸ் கோனோலெக். மேலே கறுப்பு, கீழே இரத்தச் சிவப்பு, உச்சந்தலையில் தங்க மஞ்சள். பாப்பிரஸ் சதுப்பைவிட்டு வெளியே வாழாது. பாப்பிரஸை வெட்டி விளைநிலமாக்கும்போது இதற்கும் சேர்த்தே இடம் போகிறது, அதனால் கவலைக்குரிய இனமாகிவிட்டது. கோரைக்குள் இணையாகக் கூப்பிடும் குரல் கேட்டால் நின்றுவிடுங்கள், பொறுமையாக நின்றால் ஏதோ ஒரு தண்டின் மேல் ஒரு நொடி வெளியே வரும். குரலைப் பதிவாகப் போட்டுப் போட்டு இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் சுருங்கிப்போன பறவையை இன்னும் அலைக்கழிப்பது நியாயமில்லை.

மற்றவை தானாக வரும். உகாண்டாவின் தேசியப் பறவையான சாம்பல் முடிக்கொக்கு, தரை இருவாச்சி, இளஊதா மார்புப் பனங்காடை, எருமை முதுகில் ஏறி உண்ணி பொறுக்கும் ஆக்ஸ்பெக்கர், மீன்கழுகு. மீன்கழுகு கத்துவதை ஏரிக்கரையில் நின்று கேட்டால், ஆப்பிரிக்கா என்றதும் மனதில் வரும் ஒலிகளில் அதுவும் ஒன்றாகிவிடும். ஒன்றரை மீட்டர் வரை அகலமான கூட்டைக் கட்டும் ஹேமர்காப் பறவையையும் தேடுங்கள். அந்தக் கூட்டின் அளவையும் பறவையின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பள்ளிக்கரணையிலும் வேடந்தாங்கலிலும் பழகிய கண்ணுக்குச் சில பேர் அப்படியே தெரிந்தவர்கள்: கறுப்பு வெள்ளை மீன்கொத்தி இரண்டு இடத்திலும் ஒரே இனம், கொண்டலாத்தியும் வல்லூறும் இங்கே உண்டு. இலைக்கோழி வேறு இனம், ஆனால் தாமரை இலை மேல் நடக்கும் நடை மாறவில்லை. தெரிந்த பறவைகளைச் சீக்கிரம் ஒதுக்கிவிட்டால் தெரியாதவற்றுக்கு நேரம் கிடைக்கும். நல்ல வழிகாட்டி அவசியம். வாயிலில் பதிவு செய்யும்போதே பறவை தெரிந்த ரேஞ்சர் வேண்டும் என்று கேளுங்கள். எல்லா ரேஞ்சருக்கும் விலங்கு தெரியும், பறவையைக் குரலை வைத்துச் சொல்பவர்கள் சிலர்தான்.

இந்த மண்ணின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் போகாதீர்கள். அங்கோலே அரசின் மேய்ச்சல் நிலம் இது, பஹிமா மக்கள் தலைமுறை தலைமுறையாக நீண்ட கொம்பு மாடுகளை இங்கே மேய்த்தவர்கள். 1933-ல் வேட்டைக் கட்டுப்பாட்டுப் பகுதியானது, 1963-ல் சரணாலயம், 1983-ல் அதிபர் ஒபோட்டே ஆட்சியில் தேசியப் பூங்கா. சரணாலயமாக இருந்த வரைக்கும் மக்களும் மாடுகளும் உள்ளே இருந்தார்கள். தேசியப் பூங்காவானதும் ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள், ஈடு என்று சொல்லும்படி எதுவும் கொடுக்கப்படவில்லை. 1985-ல் ஆட்சி கவிழ்ந்ததும் திரும்பி வந்தவர்கள் பூங்கா ஊழியர்களை விரட்டினார்கள், கட்டடங்களை இடித்தார்கள், விலங்குகளைக் கொன்று குவித்தார்கள். பூங்கா மறுபடியும் வந்துவிடக் கூடாது, அதற்கு விலங்கே இருக்கக் கூடாது என்ற கோபம் அது. 1987-ல் புதிய அரசு பழைய பரப்பில் பாதிக்கும் குறைவான நிலத்தை மட்டும் பூங்காவாக வைத்துக்கொண்டு மிச்சத்தை மக்களுக்கு விட்டது. எம்புரோ ஏன் இவ்வளவு சிறியது என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. சிங்கம் இல்லாமல் போனதற்கும் மாட்டுக்கும் காட்டு விலங்குக்கும் இடையிலான மோதல்தான் காரணம். மாட்டைக் கொல்லும் விலங்கை மாடு வளர்ப்பவர் விட்டுவைப்பதில்லை.

இன்று நிலைமை மெல்ல மாறியிருக்கிறது. நுழைவுக் கட்டணத்தில் 20 விழுக்காடு சுற்றியுள்ள ஊர்களுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். வரிக்குதிரையும் இம்பாலாவும் எல்லைக்கோட்டை மதிப்பதில்லை, பெருங்கூட்டம் வெளியே உள்ள பண்ணைகளில், மாடுகளோடு மாடாக மேய்கிறது. வாயிலுக்கு வரும் மண்பாதையிலேயே வலப்பக்கம் அங்கோலே மாடுகளும் இடப்பக்கம் வரிக்குதிரைகளும் நிற்பதைப் பார்ப்பீர்கள். அந்தப் புல்லைத் தின்னும் ஒவ்வொரு வரிக்குதிரைக்கும் ஒரு மாட்டுக்காரர் விலை கொடுக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பூங்காவை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். என்னைக் கேட்டால், மாட்டுப் பண்ணை ஒன்றில் ஒரு மாலை நேரம் செலவிடுங்கள், பால் கறக்கும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. சில விடுதிகள் ஏற்பாடு செய்து தருகின்றன, பணம் நேராக அந்தக் குடும்பத்துக்குப் போகிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

யானை இல்லாததற்கு நிலமும் விலை கொடுக்கிறது. மரத்தை முறித்துப் புல்வெளியைத் திறந்து வைக்கும் வேலையை யானை செய்யும். அது இல்லை, தீயும் முன்பு போல் பரவுவதில்லை. அதனால் ஹோக்கி என்ற கருவேல வகை புல்வெளியை மூடிக்கொண்டே வந்தது. பல இடங்களில் புதர் அடர்ந்து, பத்தடிக்கு அப்பால் நிற்கும் விலங்குகூடத் தெரியாது. பூங்கா நிர்வாகம் ஆள் வைத்து வேரோடு பிடுங்கி அகற்றுகிறது. 2015-ல் மர்ச்சிசனிலிருந்து 15 ஒட்டகச்சிவிங்கிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கருவேல இலையை மேய்வதும் அவற்றின் பங்கு, சுற்றுலாவுக்கும் புது ஈர்ப்பு. அவை இப்போது இங்கேயே பெருகியிருக்கின்றன. புதர் அகற்றிய இடத்தையும் அகற்றாத இடத்தையும் ஜீப்பில் போகும்போது பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம், வித்தியாசம் கண்ணில் அறையும்.

இரவு சஃபாரியை விட்டுவிடாதீர்கள். உகாண்டாவில் இரவில் ரேஞ்சரோடு முறைப்படி வண்டியில் சுற்ற வசதியுள்ள பூங்காக்கள் குறைவு. எம்புரோவில் சிறுத்தை பார்க்க நல்ல வாய்ப்பு இரவில்தான், உறுதி யாரும் தர முடியாது. சிறுத்தை வராவிட்டாலும் புனுகுப்பூனை போன்ற ஜெனட், வெண்வால் கீரி, பாதையில் அமர்ந்திருக்கும் பக்கி என்ற இரவுப் பறவைகள் என்று வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். கிளைகளில் நெருப்புத் துண்டுபோல் மினுங்கும் இரண்டு கண்கள் தாவித் தாவி நகர்ந்தால் அது புஷ்பேபி, நம் தேவாங்கின் தூரத்து உறவு. இது தாவும், தேவாங்கு ஊரும், அவ்வளவுதான் வேறுபாடு என்று சொல்லிவிட முடியாது என்றாலும் முகத்தைப் பார்த்தால் உறவு புரிந்துவிடும். மேலே ஒரு சட்டை எடுத்துப் போங்கள். 1,200 மீட்டருக்கு மேல் இருக்கும் இடம், திறந்த வண்டியில் குளிரும்.

எப்போது போவது? ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் மழை குறைவு. விலங்குகள் தண்ணீரை நோக்கி ஏரிப் பக்கம் சேரும், பாதைகளும் காய்ந்திருக்கும். பறவைக்கு என்றால் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஐரோப்பாவிலிருந்து வலசை வரும் இனங்களும் சேர்ந்துகொள்ளும். ஆகவே உங்களுக்கு ஜனவரி, பிப்ரவரியைப் பரிந்துரைப்பேன். நம்மூர்ப் பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே அங்கே பெருமழைக் காலம். பூங்கா பச்சைப்பசேல் என்று அழகாக இருக்கும், கூட்டம் இருக்காது, ஆனால் செம்மண் பாதையில் வண்டி சிக்கும். பிள்ளைகளோடு அப்போதுதான் வர முடியும் என்றால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியும் அந்தச் சேற்றில் பழகிய ஓட்டுநரும் கட்டாயம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை முதலில் முடியுங்கள். உகாண்டா அதைக் கேட்கும் என்பது பலருக்குத் தெரியும். திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்திலும் கேட்பார்கள் என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால் மட்டுமே செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அத்தகைய ஒன்று. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். விசாவை இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கென்யா, ருவாண்டாவும் சேர்த்துப் போவதாக இருந்தால் மூன்று நாட்டுக்கும் சேர்ந்த கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா எடுத்துக்கொள்வது மிச்சம்.

விமான நிலையம் இருக்கும் என்டெபேயிலிருந்து விடிகாலையில் கிளம்புங்கள், கம்பாலா நெரிசலில் மாட்டிக்கொண்டால் அரை நாள் போய்விடும். கம்பாலாவிலிருந்து மசாகா, லியாண்டொண்டே வழியாக எம்பராரா நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் அளவுக்கு ஆகும், பூங்காவின் இரண்டு வாயில்களும் இந்தச் சாலையிலிருந்து பிரிந்து போகும் பாதைகளில்தான் இருக்கின்றன: முதலில் ன்ஷாரா, அடுத்து சங்கா. வழியில் கயாப்வேயில் நிலநடுக்கோட்டைக் கடப்பீர்கள், படம் எடுக்க எல்லோரும் நிற்பார்கள், பத்து நிமிடம் போதும். கையில் இன்னொரு காலை இருந்தால் என்டெபேக்கு அருகில் விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் மபாம்பா சதுப்பை முதலில் முடித்துவிடுங்கள். மரக்கட்டைச் செருப்பு போல அலகு கொண்ட ஷூபில் பறவையை அங்கே சிறு படகில் போய்ப் பார்க்கலாம். எம்புரோவில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

நுழைவுச்சீட்டு 24 மணி நேரத்துக்குச் செல்லும், அதைக் கணக்கில் வைத்து நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். மதியம் மூன்று மணி அளவில் உள்ளே போய், வெயில் தாழ்ந்ததும் ஜீப்பில் ஒரு சுற்று, இரவு சஃபாரி. மறுநாள் விடிந்ததும் நடை, பிறகு ஓய்வு, மாலையில் மறுபடி கருவேலங்காடு. மூன்றாம் நாள் காலை முதல் படகு. காலையில் ஏரி அலையில்லாமல் இருக்கும், ஃபின்ஃபுட்டுக்கும் அதுவே நேரம். ருபாங்கா காட்டுக்குள் நடக்க ஆசைப்பட்டால் அனுமதியை முதல் நாளே கேட்டு வையுங்கள். நடை, படகு, இரவு சஃபாரி ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், எல்லாவற்றையும் வாயிலிலேயே பதிந்துவிடுவது நல்லது.

சாப்பாட்டுக்கு அஞ்ச வேண்டாம். சைவம் என்றாலும் அவித்த மட்டோக்கே வாழைக்காய், பீன்ஸ், நிலக்கடலைக் குழம்பு, சப்பாத்தி எங்கும் கிடைக்கும். முட்டை சேர்த்துக்கொள்வீர்கள் என்றால் சாலையோரத்தில் சப்பாத்திக்குள் ஆம்லெட்டைச் சுருட்டித் தரும் ரோலெக்ஸ் அருமையான பயண உணவு. ஊர்க்காரர்களைப் பார்த்தால் ‘அகண்டி’ என்று நலம் விசாரியுங்கள், ‘வெபாலே’ என்று நன்றி சொல்லுங்கள். அங்கோலே மக்கள் முகம் மலர்ந்து பதில் சொல்வார்கள், அப்புறம் பேச்சு தானாக வளரும்.

மூன்றாம் நாள் படகை முடித்துப் பத்து மணிக்குள் வெளியேறினால் எம்பராரா வழியாக இருட்டுவதற்குள் பிவிண்டி போய்ச் சேரலாம். மலைப்பாதையில் இரவில் ஓட்ட வேண்டாம் என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கொரில்லா அனுமதிச்சீட்டு எந்தப் பிரிவுக்கு வாங்கியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ருஷாகா என்றால் ஒரு தூரம், புஹோமா என்றால் வேறு தூரம். அதைச் சொன்னால் அந்த நாளுக்கான வழியையும் எழுதுகிறேன்.